உடம்பைப் பேணுவது சோம்பேறித்தனமா?

உழைப்பாளி மக்களுக்கு உடம்பைப் பற்றி உபதேசம் செய்ய இன்று ஆள் பஞ்சமே இல்லை. ரேடியோவைத் திருப்பினால் உபதேசம். டெலிவிஷனில் உபதேசம். செல்போனைத் தொட்டால் அதிலும் உபதேசம். "அதிகாலையில் எழுந்திருங்கள்! தினம் பத்தாயிரம் அடி நடந்து பழகுங்கள்! வியர்வை சொட்டத் தேகாப்பியாசம் செய்யுங்கள்! எப்போதும் உற்சாகமாக இருங்கள்!"

திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரியில் கம்ப்ரசர் பிடித்துக் குழி அடிக்கும் தொழிலாளி இதைக் கேட்டால் என்ன சொல்வார்? சிரிப்பார். நாலு மணிக்கு எழுந்து, சோறாக்கி, பிள்ளைகளை எழுப்பிவிட்டு, ஏழு மணிக்கெல்லாம் சேற்றில் இறங்கி நாற்று நடும் பெண்ணிடம் போய், "அம்மா, அதிகாலையில் எழுந்திரு" என்று சொன்னால் அவள் சிரிக்கக்கூட மாட்டாள். சிரிக்க அவளுக்கு நேரமில்லை. வியர்வை சொட்ட வேண்டுமாம்! ஆலைக்குள் எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே நூல் முடிச்சுப் போடுகிறவன் மேலிருந்து சொட்டுவது என்ன, பன்னீரா?

இந்த உபதேசமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவர்களுக்காகச் சொல்லப்படுவது. அவர்களுக்கு அது தேவைதான், குறை சொல்வதற்கில்லை. அவர்களுடைய உடம்பு அசையாமல் கெடுகிறது. நம்முடைய உடம்பு ஓயாமல் கெடுகிறது. நோய் வேறாக இருக்கும்போது மருந்து மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்?

ஆனால் தோழர்களே, நம்மவர்களிடையே இதற்கு நேர் எதிரான இன்னொரு எண்ணமும் இருக்கிறது. "உடம்பு என்ன பெரிய உடம்பு! நாம் என்ன மைனரா, உடம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க?" என்று பெருமையாகப் பேசுகிற வழக்கம் அது. நடுவெயிலில் வரப்பில் ஒரு நிமிஷம் குந்தினால் "சோம்பேறி" என்று பண்ணையார் திட்டிய காலம் ஒன்றிருந்தது. அந்தத் திட்டை இன்று நமக்கு நாமே திட்டிக்கொள்கிறோம்! ஆலை முதலாளி தன் யந்திரத்துக்கு எண்ணெய் விடாமல் ஒருநாள் ஓட்டுவானா? தன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் எந்த விவசாயியாவது இரண்டாவது ஏர் பூட்டுவானா? நிலமில்லாதவனுக்கு, பங்குப் பத்திரமில்லாதவனுக்கு, இருக்கிற ஒரே சொத்து இந்த உடம்புதான். சொத்தைப் பாதுகாப்பது சோம்பேறித்தனம் என்று யார் சொன்னது?

கல்லுக்கு வேலி, கல் உடைப்பவனுக்கு?

விழுப்புரம் மாவட்டம் வானூர் தாலுக்காவைச் சேர்ந்த திருவக்கரையை இரண்டு காரணங்களுக்காக வெளியூர் ஜனங்கள் அறிவார்கள். ஒன்று வக்கிரகாளியம்மன் கோயில். பௌர்ணமி இரவில் கூட்டம் தாங்காது. இன்னொன்று கல்மரப் பூங்கா. சுமார் இரண்டு கோடி வருஷங்களுக்கு முன்னே வாழ்ந்த மரங்கள் மண்ணுக்குள் புதைந்து கல்லாகிப் போய்க் கிடக்கின்றன. சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781ம் வருஷத்திலேயே இவற்றைப் பற்றி எழுதி வைத்தார். இன்று மத்திய சர்க்காரின் நிலவியல் ஆய்வுத் துறை இதை தேசிய நினைவுச் சின்னமாக வேலி போட்டுக் காத்து வருகிறது. ஒரு துண்டுக் கல்லை யாரும் மடியில் கட்டிக்கொண்டு போய்விட முடியாது. நல்ல காரியம். விஞ்ஞானச் செல்வம் காக்கப்பட வேண்டியதுதான்.

ஆனால் அதே வட்டாரத்தில் வெடி வைத்துப் பாறையைப் பிளந்து, கிரஷரில் போட்டு ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் அரைக்கிற குவாரிகள் இருக்கின்றன. அங்கே பறக்கிற தூசிக்குள் நாள் முழுவதும் நிற்கிற மனிதனுடைய நெஞ்சுக்கு என்ன வேலி, என்ன காவல்?

கண்ணுக்குத் தெரிகிற தூசியைவிடக் கண்ணுக்குத் தெரியாத தூசிதான் ஆபத்தானது. பெரிய துகள் மூக்கிலேயே நின்றுவிடும், துப்பினால் போய்விடும். மிக நுண்ணிய கல்தூசி நுரையீரலின் அடியாழம் வரை போய்த் தங்கி, அங்கே தழும்பு தழும்பாக இறுகச் செய்துவிடுகிறது. இதற்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். இறுகிய நுரையீரலைத் திரும்பவும் இளக்க இன்றுவரை மருந்து இல்லை. அப்படிப்பட்ட நெஞ்சில் காசநோயும் சுலபமாகக் குடியேறும். மூச்சு வாங்குவதை "வயசாகிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு நாற்பது வயதிலேயே வீட்டுத் திண்ணையோடு ஒடுங்குகிறவர்கள் கல் வேலைக்காரர்களில் உண்டு. வயசல்ல, தோழர்களே, தூசி!

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். துண்டு பெரிய தூசியைத் தடுக்கும். நெஞ்சைக் கெடுக்கிற நுண்தூசியைத் தடுக்காது, நனைத்துக் கட்டினாலும் தடுக்காது. தூசி கிளம்பும் இடத்திலேயே, அதாவது குழி அடிக்கும் உளியின் வாயிலும் கிரஷரின் வாயிலும், தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அதற்குரிய முகமூடியை நிர்வாகம் கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். தொழிலாளி தானே செய்யக்கூடியது ஒன்று உண்டு: வேலை விட்டதும் அங்கேயே கை கால் முகம் கழுவி, வேலைத் துணியை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவது. தூசி படிந்த சட்டையோடு குழந்தையைத் தூக்கினால் அந்தத் தூசி குழந்தைக்கும் போகும். ஆனால் கழுவுவதற்குக் குவாரியில் தண்ணீர்த் தொட்டி வேண்டுமே?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நமக்கு வேண்டிய நல்ல பழக்கங்களில் பாதிக்கு மேற்பட்டவை தனி ஒருவனாகக் கடைப்பிடிக்க முடியாதவை. நாற்காலிக்காரர் தன் அறையில் தானே தண்ணீர் குடிப்பார், தானே எழுந்து நடப்பார். நமக்கு அப்படியல்ல. செட்டு முழுவதும் குனிந்திருக்கும்போது ஒருத்தி மட்டும் நிமிர்ந்தால் மேஸ்திரியின் கண் அவள் மேல் விழும். செட்டு முழுவதும் நிமிர்ந்தால்? அது வழக்கமாகிவிடும்!

தண்ணீர் குடிக்கவும் துணை வேண்டும்

மத்திய அமெரிக்காவில் நிகரகுவா, எல் சால்வடார் என்று சிறு நாடுகள் இருக்கின்றன. அங்கே கரும்பு வெட்டும் தொழிலாளர்கள், முப்பது வயதுகூட ஆகாதவர்கள் உட்பட, சிறுநீரகம் கெட்டு ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். சர்க்கரை வியாதி இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, பின் ஏன்? பல வருஷம் டாக்டர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கொளுத்தும் வெயிலில் தண்ணீரில்லாமல், நிழலில்லாமல், டன் கணக்குக் கூலிக்காக இடைவிடாமல் வெட்டுவது, அதுவும் நாள் தவறாமல் அப்படியே வெட்டுவது, முக்கியமான காரணம் என்று இன்று பெரும்பாலும் ஒத்துக்கொள்ளப்படுகிறது. அதன்பின் அங்கே சில தோட்டங்களில் வெட்டுகிற இடத்துக்கே கூடாரத்தை நகர்த்திக்கொண்டு போனார்கள். தண்ணீரை ஆளோடு அனுப்பினார்கள். எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். சிறுநீரகச் சேதம் குறைந்தது. எல் சால்வடாரில் வெட்டும் குறையவில்லை, கூடியது!

இது தூர தேசத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது. முண்டியம்பாக்கம் ஆலைக்கும் மற்ற ஆலைகளுக்கும் கரும்பு வெட்டுகிறவர்கள் நம் ஜனங்கள். மரக்காணத்து உப்பளத்தில் நிற்கிறவர்கள் நம் ஜனங்கள். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரைச் சென்னை ஸ்ரீராமச்சந்திரா ஆராய்ச்சிக்காரர்கள் 2017 முதல் 2020 வரை பரிசோதித்தபோது, 100க்குச் சுமார் 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வேலை குறைந்திருந்ததைக் கண்டார்கள். 2024ல் தமிழ்நாடு சர்க்காரே வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெயில் நம் ஊருக்குப் புதிதல்ல என்று பேசிய காலம் போய்விட்டது.

கடும் வெயிலில் வேலை செய்கிறவர் கால்மணி, இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தாகம் வரும்போதே உடம்பு பின்தங்கிவிட்டது. சிறுநீர் கடுத்த மஞ்சளாக, டீத் தண்ணீர் போல இறங்கினால் உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். உப்புப் போட்ட மோர், நீராகாரம், கூழ் எல்லாம் கணக்கில் சேரும். கலர் சோடா சேராது. பேச்சுக் குழறி, ஆள் தள்ளாடி, தோல் நெருப்பாகச் சுட்டால் அது வெறும் மயக்கமல்ல, உயிருக்கு ஆபத்து. உடனே நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறி, 108க்குச் சொல்ல வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்.

சரி, தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டோம். ஆனால் நடவிலும் களையிலும் இருக்கிற பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்களே, அது ஏன்? ஒதுங்க மறைவிடம் இல்லை. காலை ஏழு மணியிலிருந்து பிற்பகல் வரை அடக்கிக்கொண்டு, நீர்க்கடுப்பும் அடிவயிற்று வலியுமாகத் துன்பப்படுகிறார்கள். இதை வெளியே சொல்ல வெட்கம். இவர்களிடம் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்வது எவ்வளவு கேலிக்கூத்து! நாலு கழியும் ஒரு பழைய சேலையும் இருந்தால் வயலோரம் ஒரு மறைப்புக் கட்டலாம். ஒருத்தி கேட்டால் "பெரிய மகாராணி" என்பார்கள். இருபது பேர் கேட்டால் கழி வந்து சேரும்.

மல்லாட்டையை விற்றுவிட்டு பன் தின்கிறோம்

உணவு விஷயத்தில் நம்முடைய பழைய வழக்கங்களை நாமே குறைத்து மதிப்பிட்டு விட்டோம் என்பது என் அபிப்பிராயம். கேழ்வரகுக் கூழைக் குடிப்பது தரித்திரம் என்றும், கடையில் டீயும் பன்னும் சாப்பிடுவது நாகரிகம் என்றும் ஒரு எண்ணம் பரவியது. இப்போது பட்டணத்துப் பணக்காரர்கள் அதே கேழ்வரகை வண்ணக் காகிதப் பொட்டலத்தில் அதிக விலைக்கு வாங்கித் தின்கிறார்கள்! 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. சுமை தூக்குகிற எலும்புக்கு எது வேண்டும்?

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சிப் பண்ணையில் 1940ல் வெளியிட்ட மல்லாட்டை ரகத்துக்கு டி.எம்.வி. 2 என்று பெயர். அந்த எழுத்துக்கள் திண்டிவனத்தையே குறிக்கும். நம் ஊர்ப் பெயரைத் தாங்கி அந்த விதை நாடெங்கும் போயிற்று. 100 கிராம் பருப்பில் சுமார் 25 கிராம் புரதம். அதைப் பிடுங்கி, ஆய்ந்து, காயவைத்து மூட்டை பிடிக்கிற பெண், பத்து மணிக்கு வெறும் டீயைக் குடித்துப் பசியை ஏமாற்றுகிறாள். டீ பசியை மறைக்கும், பசியைத் தீர்க்காது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால், சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தையும் உடம்பில் சேரவிடாமல் செய்யும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். மடியில் ஒரு பிடி வேகவைத்த மல்லாட்டை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் முருங்கைக் கீரை. இவை விலை கொடுத்து வாங்கும் டானிக்குகளுக்குக் குறைந்தவையல்ல. 2019-21ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. கூலிக்குப் போகிற பெண்ணுக்கு நிலைமை எப்படி இருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

இரும்பு மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து பலர் அதைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது இயல்பு. பயப்பட ஒன்றுமில்லை.

வலிக்கு என்ன மருந்து?

இனி, எல்லாவற்றிலும் கொடுமையான விஷயத்துக்கு வருவோம். சாயங்காலம் உடம்பு வலிக்கிறது. மூட்டை சுமந்தவனுக்குத் தோள் வலி. நட்டவளுக்கு இடுப்பு வலி. ஆலையில் நின்றவனுக்குக் கெண்டைக்கால் நரம்பு சுருண்டு வலி. இந்த வலிக்கு நம் ஊரில் மூன்று மருந்து விற்கிறார்கள்: மாத்திரை, ஊசி, சாராயம்.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கித் தினசரி விழுங்குகிற வலி மாத்திரை, வெயிலில் தண்ணீர் வற்றிய உடம்பில் நேராகச் சிறுநீரகத்தைத் தாக்கும், வயிற்றையும் புண்ணாக்கும். எப்போதோ ஒருநாள் என்றால் பரவாயில்லை. தினப்படி வழக்கம் கூடவே கூடாது. "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால்தான் தெம்பு" என்று இரண்டு நாள் கூலியைக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். அந்த அரை லிட்டர் பாட்டிலில் என்ன இருக்கிறது தெரியுமா? சாதாரண ஐந்து சதவீதக் குளுக்கோஸ் பாட்டில் என்றால் 25 கிராம் சர்க்கரை, ஐந்தாறு டீஸ்பூன்! வாயால் குடிக்க முடிகிறவருக்கு அதை நரம்பில் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துக் குடித்தால், வாந்திபேதியில் வற்றிய உடம்புக்குக்கூட அது போதும்.

மூன்றாவது மருந்தின் கணக்கை மரக்காணத்துப் பக்கம் எக்கியார்குப்பத்து மக்களைக் கேட்டால் சொல்வார்கள். 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் 20க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அடுத்த வருஷம், 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டவர்கள். யார் அவர்கள்? மீன் பிடித்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள், அன்றாடங்காய்ச்சிகள். "குடிகாரன் செத்தான்" என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏன் குடித்தான் என்று கேட்டால், பலர் சொல்லும் பதில், "உடம்பு வலிக்குது" என்பதுதான். அந்த வலி பொய்யல்ல. ஆனால் அந்த மருந்து பொய். சாராயமானாலும் சரி, சர்க்கார் கடையில் முத்திரை குத்தி விற்கிற சரக்கானாலும் சரி, குடி உடம்பிலுள்ள தண்ணீரை வெளியேற்றுகிறது. ஆழ்ந்த தூக்கத்தைக் கெடுக்கிறது. வலியோடு படுத்தவன் வலியோடும் தலைபாரத்தோடும் எழுந்திருக்கிறான். கூலியில் பாதியும் போயிற்று.

வலிக்கு உண்மையான மருந்து வேலைக்கு நடுவிலேயே எடுத்துக்கொள்ளும் ஓய்வு. நடவில் கால்மணிக்கு ஒருமுறை இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து, பின்னால் சாய்ந்து, பத்து மூச்சு விடுவது. சுமையைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடித்துக் குந்தி, சுமையை நெஞ்சோடு அணைத்து எழுவது. கனத்த மூட்டைக்கு இன்னொருவர் கை கொடுப்பது. ஆலையில் நிற்கிறவர் குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குவது. வீட்டுக்கு வந்ததும் கால்மணி நேரம் காலைச் சுவரில் உயர்த்தி வைத்துப் படுப்பது. சேற்றில் நின்ற காலைக் கழுவி, விரலிடுக்கு ஈரத்தைத் துணியால் துடைத்து உலர வைப்பது. சேற்றுப்புண்ணுக்குப் பாதி வைத்தியம் அதுவே. பஞ்சுத் தூசியில் இருக்கிறவருக்கு, லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாளில் மட்டும் நெஞ்சு இறுக்கினால், அதைச் சளி என்று விட்டுவிடக் கூடாது. பஞ்சு நெஞ்சில் இறங்கத் தொடங்கியதன் அடையாளம் அது. டாக்டரிடம் தொழிலைச் சொல்லிக் காட்ட வேண்டும்.

தூக்கமும் வாங்கப்பட்டதுதான்

ஓய்வு என்பது யாரோ தயவு பண்ணிக் கொடுத்ததல்ல. திருவக்கரைக்குப் பக்கத்துப் பட்டணமான புதுச்சேரியில், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆலைத் தொழிலாளர்கள் விடிவதற்கு முன் போய் இருட்டிய பின் திரும்பினார்கள். தகப்பன் முகத்தைக் குழந்தை விழித்திருந்து பார்ப்பது ஞாயிற்றுக்கிழமையில்தான். வேலை நேரத்தைக் குறை, சங்கம் வைக்க உரிமை கொடு என்று அவர்கள் போராடினார்கள். 1936 ஜூலை 30ந் தேதி சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் படை துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. 12 தொழிலாளர்கள் உயிர் நீத்தார்கள். வ. சுப்பையா முதலியோர் அந்தப் பிரச்னையைப் பாரிஸ் வரை கொண்டுபோனார்கள். 1937ல் எட்டு மணி நேர வேலைக்கான சட்டம் வந்தது. ஆசியாவிலேயே முதலில் வாங்கியவர்கள் நாங்கள்தான் என்று புதுச்சேரித் தொழிலாளிகள் பெருமையோடு சொல்வார்கள். அந்த ஆலைகள் 2020ல் மூடப்பட்டுவிட்டன. ஆனால் அந்தப் பன்னிரண்டு பேர் வாங்கித் தந்த தூக்கத்தை எத்தனையோ குடும்பங்கள் தூங்கியிருக்கின்றன.

2023 ஏப்ரல் 21ந் தேதி தமிழ்நாடு சட்டசபையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியதும், சங்கங்கள் கட்சி பேதமின்றி எழுந்ததும், மே தினத்தன்று அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்ததும் எல்லாரும் அறிந்தது. அந்த மசோதாவை ஆதரித்தவர்கள், "வாரத்தில் நாலு நாள் வேலை, மூன்று நாள் லீவு, நல்லதுதானே?" என்று கேட்டார்கள். உடம்பு வாரக் கணக்கில் தூங்குவதில்லை ஐயா, நாள் கணக்கில் தூங்குகிறது! உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் 2021ல் வெளியிட்ட ஆராய்ச்சி, வாரத்துக்கு 55 மணிக்கு மேல் வேலை செய்கிறவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் அதிகம் என்றும், இருதய நோயால் சாகும் அபாயம் 17 சதவீதம் அதிகம் என்றும் கூறியது.

இதில் ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 2019ல் மத்திய சர்க்கார் எடுத்த நேரக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதில் தினம் 299 நிமிஷம் செலவிடுவதாகவும், அப்படிச் செய்கிற ஆண்கள் 97 நிமிஷம் செலவிடுவதாகவும் தெரிந்தது. அதாவது பெண்ணுக்கு ஆலையில் ஒரு ஷிப்டு, அடுப்பில் இன்னொரு ஷிப்டு. எட்டு மணி நேரத்துக்காக ரத்தம் சிந்திய வர்க்கத்தின் வீட்டிலேயே பதிமூன்று மணி நேர வேலை நடந்தால் அதற்கு என்ன பெயர்? குழாயடியில் குடம் தூக்கினால் ஆண்மை குறைந்துவிடாது. இரண்டு குடம் தண்ணீர் நீங்கள் கொண்டுவந்தால் அவள் அரைமணி முன்னதாகப் படுப்பாள்.

உற்சாகம் எங்கே கிடைக்கும்?

இப்போது சில ஆலைகளில் வருஷத்துக்கு ஒரு தடவை கோட்டு போட்ட ஒருவரை அழைத்துவந்து தொழிலாளிகளுக்கு உற்சாகப் பிரசங்கம் செய்யச் சொல்கிறார்கள். கையைத் தூக்கு, உரக்கச் சிரி, "என்னால் முடியும்" என்று சொல். மறுநாள் ஒரு ஆளுக்கு இன்னும் கூடுதல் யந்திரம்! இந்த உற்சாகம் நமக்கல்ல, யந்திரத்துக்கு.

நம் பாட்டிமார்களுக்கு உற்சாகப் பிரசங்கம் யாரும் செய்யவில்லை. நடவில் பாட்டு இருந்தது. ஏற்றத்தில் பாட்டு இருந்தது. ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடும்போது கை தானாக ஒத்துப் போகும், மூச்சும் ஒத்துப் போகும். நடுவில் பண்ணையாரைக் கேலி செய்து ஒரு அடி விழும், எல்லாரும் சிரிப்பார்கள். இன்று ஒவ்வொருவர் காதிலும் ஒரு கம்பி, ஒவ்வொருவரும் தனிப்பாட்டு. பாட்டு அதிகமாகி விட்டது, சேர்ந்து பாடுவது குறைந்துவிட்டது. எனக்கு இதில் வருத்தம்தான்.

ஊரில் சடுகுடு ஆடும் மைதானம், படிப்பகம், சங்க அலுவலகத்து விளக்கு, சாயங்காலம் பத்துப் பேர் கூடிப் பேசும் ஆலமரத்தடி ஆகியவை வெறும் பொழுதுபோக்குக்காக ஏற்பட்டவையல்ல. வீட்டில் கடன், வேலையில் வசவு, உடம்பில் வலி என்று மூன்றும் ஒரே மனிதன் மேல் விழும்போது, அவன் முகம் மாறியதைக் கவனிக்க நாலு பேர் வேண்டும். நாலு நாளாக ஒருவன் கூட்டத்துக்கு வரவில்லை என்றால் தேடிப் போக வேண்டும். மனம் மிகவும் உடைந்தவரைத் தனியே விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து, 14416 என்ற எண்ணுக்குப் போன் போட்டுக் கொடுங்கள். சர்க்கார் நடத்துகிற இலவச மனநல ஆலோசனை அது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எலும்பு முறிந்தால் கட்டுக் கட்டுவதில்லையா?

அதே மாதிரி, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருகிறார்கள். "வலி ஒன்றுமில்லை, ஏன் முழுங்க வேண்டும்?" என்று நிறுத்திவிடுகிறவர்கள் நம்மில் அதிகம். ரத்தக் கொதிப்புக்கு வலி கிடையாது. அதனால்தான் அது பொல்லாதது. நாம் வேலைக்குப் போன நேரத்தில் அந்த ஊழியர் வந்து திரும்பிப் போகிறார் என்றால், சாயங்காலம் வரச் சொல்லி ஊர் சார்பில் கேட்கலாம். அவரும் ஒரு உழைப்பாளிதான், புரிந்துகொள்வார்.

வேலைத் தலத்தில் குடிதண்ணீர், இடைவேளை, ஓய்வறை என்று 1948ம் வருஷத்து ஃபாக்டரி சட்டத்தில் எழுதினார்கள். 2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய சட்டத் தொகுப்பு வந்தது. கிராம வேலைத் திட்டத்துக்காக 2005ல் வந்த சட்டத்திலும் தண்ணீர், நிழல், முதலுதவிப் பெட்டி என்று எழுதியிருந்தது. எழுதியது எல்லாம் தானாக வயலுக்கு நடந்து வந்ததில்லை.

ஆகவே, கரும்பு வெட்டுக்கும் அறுப்புக்கும் செட்டு சேருகிற சமயத்தில், டன்னுக்கு எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று பேசுகிற அதே பேச்சில் இவற்றையும் சேருங்கள்: உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் வெட்டு இல்லை, அதற்குப் பதில் விடியலில் முன்னதாகத் தொடங்குவோம். தண்ணீர் சுமக்க செட்டில் ஒரு ஆள். அவருக்கும் வெட்டுகிறவருக்குச் சமமான கூலி. நிழலுக்கு ஒரு தார்ப்பாய். பெண்களுக்கு ஒரு மறைப்பு. தார்ப்பாயும் கழியும் யார் பொறுப்பு என்பதை அன்றே பெயர் சொல்லி முடிவு பண்ணிவிட வேண்டும். வெட்டு துவங்கிய பிறகு கேட்டால், மேஸ்திரி அதன் விலையை நம் கூலியில்தான் பிடிப்பார்.